ஊர்ச் சங்கம் என்றால் என்ன? வட மாகாணத்தை முன்வைத்து ஓர் அறிமுகம்

பிறந்த ஊரை விட்டு வெளிநாடு போனவர்கள், போன இடத்தில் தங்கள் ஊர்க்காரரைத் தேடிப் பிடித்து, தலைவர், செயலாளர், பொருளாளர் என்று ஒரு நிர்வாக சபையைத் தெரிவு செய்து, சந்தா கட்டி, பிறந்த ஊரின் பாடசாலைக்கோ வாசிகசாலைக்கோ கோயிலுக்கோ உதவத் தொடங்கினால் அது ஊர்ச் சங்கம். பெயர் ஒன்றியம் என்றிருக்கலாம், நலன்புரிச் சங்கம் என்றிருக்கலாம், மக்கள் மன்றம் என்றும் இருக்கலாம். இதற்கு மிக நெருங்கிய இன்னோர் அமைப்பு பழைய மாணவர் சங்கம். ஊருக்கு ஒரே பெரிய பாடசாலை இருந்தால் இரண்டு சங்கத்திலும் பெரும்பாலும் அதே முகங்கள்தான் இருக்கும்.

இது தமிழருக்கு மட்டும் உரியதல்ல. தென்கிழக்காசியாவுக்குப் போன சீனர்கள் தங்கள் மாவட்டத்தின் பெயராலும் பேச்சு வழக்கின் பெயராலும் சங்கம் வைத்தார்கள். அமெரிக்காவில் வேலை செய்யும் மெக்சிக்கர்களும் பிலிப்பைன்ஸ்காரர்களும் ஊர்ப் பெயரால் கழகம் வைத்திருக்கிறார்கள். ஆனால் இலங்கையின் வட மாகாணத்தைப் பொறுத்தவரை இந்தச் சங்கங்களுக்கு ஒரு தனி வரலாறு இருக்கிறது. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார் என்ற 5 மாவட்டங்களில், குறிப்பாக யாழ்ப்பாண மாவட்டத்தில், ஒரு பாடசாலையின் மண்டபத்தையோ கோயிலின் இராஜகோபுரத்தையோ யார் கட்டினார்கள் என்று சுவரில் பதித்த கல்லைப் பார்த்தால், அதில் பல இடங்களில் ஒரு வெளிநாட்டுக் கிளையின் பெயர் இருக்கும். அந்தக் கல் எப்படி அங்கே வந்தது என்பதைத்தான் இந்தக் கட்டுரை சொல்லப் போகிறது.

மலாயாக் காலம்

யாழ்ப்பாணத்தார் ஊர்விட்டுப் போய்ப் பணம் அனுப்பும் வழக்கம் இலங்கையின் உள்நாட்டுப் போரோடு தொடங்கியதாகப் பலர் நினைக்கிறார்கள். அதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே அது தொடங்கிவிட்டது.

அமெரிக்க மிஷனரிமார் 1816ல் யாழ்ப்பாணத்துக்கு வந்தார்கள். 1823ல் வட்டுக்கோட்டையில் செமினரி தொடங்கியது. அதைச் சுற்றியும் அதற்குப் போட்டியாகவும் எழுந்த பாடசாலைகளால், 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் குடாநாட்டில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் ஏராளமாக இருந்தார்கள். அவர்களுக்கு ஏற்ற வேலை அங்கே இல்லை. நிலமும் சிறிது, கிணற்று நீரை நம்பிய தோட்டம் ஒரு குடும்பத்தின் எல்லாப் பிள்ளைகளுக்கும் போதாது. அதே காலத்தில் ஆங்கிலேயர் மலாயாவில் காடு வெட்டி ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்தார்கள். அங்கே முதல் பாதை 1885ல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்ட்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. கணக்கு எழுத, நிலம் அளக்க, ஸ்டேஷன் மாஸ்டராக இருக்க ஆங்கிலம் தெரிந்தவர்கள் தேவைப்பட்டார்கள். யாழ்ப்பாணத்து இளைஞர்கள் கப்பல் ஏறினார்கள்.

கோலாலம்பூரில் ரயில்வே குடியிருப்புகள் இருந்த பிரிக்பீல்ட்ஸ் பகுதி அவர்களுடைய இடமாயிற்று. கந்தசுவாமி கோயில் எழுப்பினார்கள். 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சிலாங்கூரிலும் சிங்கப்பூரிலும் இலங்கைத் தமிழர் சங்கங்கள் இயங்கின. ஆனால் அவை இன்றைய பொருளில் ஊர்ச் சங்கங்கள் ஆகா. போன இடத்தில் ஒருவருக்கொருவர் துணையாக இருப்பதும், விளையாட்டும், மொழியும், சமயமுமே அவற்றின் முதல் வேலை. ஊருக்குப் போன பணம் பெரும்பாலும் குடும்பத்துக்குப் போனது. தபாற்கந்தோருக்கு மணியோடர் வரும். அதில் தங்கையின் சீதனம், தம்பியின் கல்லூரிக் கட்டணம், காணி மீட்பு எல்லாம் அடங்கும். யாழ்ப்பாணத்தின் அன்றைய வாழ்க்கையை மணியோடர் பொருளாதாரம் என்று ஆய்வாளர்கள் சொல்வது இதனால்தான். கோயில் திருப்பணிக்கும் சைவப் பாடசாலைகளுக்கும் மலாயாவில் நிதி திரட்டியதுண்டு. அது யாரோ ஒருவர் கப்பல் ஏறிப் போய், வீடு வீடாகப் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு அலைந்து சேர்த்த நிதி. நிரந்தரமான நிர்வாக சபையோ ஆண்டுக் கணக்கறிக்கையோ அதன் பின்னால் இருந்ததென்று பொதுவாகச் சொல்ல முடியாது.

அந்தக் காலத்தின் இன்னொரு பாடத்தையும் இங்கே சொல்ல வேண்டும். 1942 தொடக்கம் 1945 வரை மலாயா ஜப்பானியர் கையில் இருந்தபோது மணியோடரும் மலாயன் பென்சனும் நின்றன. அவற்றை மட்டுமே நம்பியிருந்த குடும்பங்கள் தத்தளித்தன. ஒரே நாட்டிலிருந்து வரும் காசை நம்பி ஓர் ஊர் வாழ்ந்தால் என்ன ஆகும் என்பதை யாழ்ப்பாணம் அப்போதே கண்டுவிட்டது.

1983க்குப் பின்

1956ல் சிங்களம் மட்டும் சட்டம் வந்தது. 1970களில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தமிழ் மாணவர்களிடம் கூடுதல் புள்ளி கேட்ட தரப்படுத்தல் வந்தது. மருத்துவர்களும் பொறியியலாளர்களும் கணக்காளர்களும் லண்டன் பக்கம் போனார்கள். 1983 ஜூலை வன்செயலுக்குப் பின் போனவர்கள் வேறு வகையினர். வெறுங்கையோடு போனவர்கள். கள்ளக் கடவுச்சீட்டிலும், கொண்டெய்னரிலும், பனி மூடிய எல்லைகளைக் கால்நடையாகக் கடந்தும் போனவர்கள். 1986 ஓகஸ்டில் கனடாவின் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை அந்த ஊர் மீனவர்கள் மீட்டார்கள். கனடாவின் இன்றைய தமிழ்ச் சமூகத்தின் தொடக்கக் கதைகளில் அது ஒன்று.

முதலில் போனவர் அடுத்தவரைக் கூப்பிட்டார். மச்சான் மச்சானையும், அண்ணன் தம்பியையும், பிறகு மனைவி பிள்ளைகளையும், கடைசியில் அப்பா அம்மாவையும் கூப்பிட்டார்கள். இப்படி ஒருவர் பின்னால் ஒருவராகப் போனதால், ஒரே ஊரின் நூற்றுக்கணக்கான குடும்பங்கள் ஒரே நகரத்தில் சேர்ந்தன. மலாயாவுக்குப் போனவர்களில் பெரும்பாலோர் தனி இளைஞர்கள். ரொறன்ரோவின் ஸ்காபரோவுக்கும் லண்டனுக்கும் பாரிசுக்கும் சுவிற்சர்லாந்துக்கும் நோர்வேக்கும் போனதோ, பெரியம்மா, சித்தப்பா, பக்கத்து வளவுக்காரர் எல்லோரும் அடங்கிய ஊர். ஊர்ச் சங்கம் பிறப்பதற்கு இந்த நெருக்கம் அவசியம்.

அந்தச் சங்கங்களின் முதல் வேலை ஊருக்கு உதவுவதாக இருக்கவில்லை. புதிதாக வந்தவருக்கு அறை பார்ப்பது, அகதிக் கோரிக்கைப் பத்திரத்தை மொழிபெயர்ப்பது, உணவகத்திலோ தொழிற்சாலையிலோ வேலைக்குச் சொல்லிவிடுவது, யாராவது இறந்தால் செத்தவீட்டுச் செலவுக்குக் காசு சேர்ப்பது. இந்த உதவிகளைக் கணக்கில் எழுதி வைக்க அப்போது யாருக்கும் தோன்றவில்லை. ஆனால் பின்னாளில் இந்தச் சங்கங்கள் கேட்டவுடன் ஜனங்கள் பணம் கொடுத்ததற்குக் காரணம் அந்த நாட்களில் கிடைத்த ஓர் அறையும் ஒரு கோப்பைத் தேநீரும்தான் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

அதே ஆண்டுகளில் ஊர்களே இடம்பெயர்ந்துகொண்டிருந்தன. 1990ல் குடாநாட்டின் வட கரையிலுள்ள வலிகாமம் வடக்கு, இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயமாயிற்று. மயிலிட்டி, காங்கேசன்துறைப் பக்கத்து மக்கள் ஊரை விட்டு எழும்பினார்கள். 1990களின் தொடக்கத்தில், குடாநாட்டுக்கு மேற்கே உள்ள தீவுகளான தீவகத்தின் பெரும்பகுதி வெறிச்சோடியது. 1995 ஒக்டோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் குடாநாட்டின் கிழக்குப் பக்கத்துத் தென்மராட்சிக்கு நடந்தார்கள். இதனால் ஒரு விசித்திரமான நிலை வந்தது. ஊரில் ஒரு குடும்பமும் இல்லாதபோது ரொறன்ரோவில் அந்த ஊரின் பெயரில் சங்கம் இருந்தது. ஆண்டுப் பொதுக்கூட்டம் நடந்தது. அகதி முகாமிலும் உறவினர் வீட்டிலும் இருந்த ஊரவருக்கு உதவி போனது. மயிலிட்டித் துறைமுகம் மக்களிடம் திரும்பக் கையளிக்கப்பட்டது 2017 ஜூலையில். 27 ஆண்டுகள் அந்த ஊரை ஊராக வைத்திருந்ததில் இடம்பெயர்ந்தவர்களின் ஒன்றுகூடல்களுக்கும் பெரிய பங்கு உண்டு.

பணம் எப்படிப் போனது? போர்க்காலத்தில் வடக்கின் பல பகுதிகளுக்குப் பொருளாதாரத் தடை இருந்தது, வங்கிகளும் ஒழுங்காக இயங்கவில்லை. அதனால் உண்டியல் முறை பெருகியது. ஸ்காபரோவில் ஒரு கடையில் டொலரைக் கொடுத்தால், யாழ்ப்பாணத்தில் அந்தக் கடைக்காரரின் ஆள் அன்றோ மறுநாளோ ரூபாயைக் கொண்டுபோய் வீட்டில் கொடுப்பார். காசு உண்மையில் கடலைத் தாண்டுவதில்லை. இரண்டு பக்கத்துக் கணக்கையும் வியாபாரிகள் பிறகு தங்களுக்குள் நேர் செய்துகொள்வார்கள். வேகமும் நம்பிக்கையும் இதன் பலம். பற்றுச்சீட்டு இல்லை, சட்டப் பாதுகாப்பும் இல்லை என்பது பலவீனம். இன்று ஒழுங்காக நடக்கும் சங்கங்கள் வங்கி வழியாகவே அனுப்புகின்றன, அனுப்ப வேண்டும்.

2002 ஏப்ரலில், கண்டியையும் யாழ்ப்பாணத்தையும் இணைக்கும் ஏ9 வீதி திறந்ததும், பல ஆண்டுகளாக ஊரைக் காணாதவர்கள் பார்க்கப் போனார்கள். கூரையில்லாத வகுப்பறைகளை நேரில் கண்டார்கள். ஊர்ச் சங்கங்களின் திட்டங்கள் பெருகியது அதற்குப் பிறகுதான். போர் 2009 மேயில் முடிந்தபின் அவை இன்னும் பெருகின. ஆனால் அச்சமும் கூடவே இருந்தது. 2006ல் கனடா விடுதலைப் புலிகளைத் தடை செய்தது. 2014ல் இலங்கை அரசு பல புலம்பெயர் அமைப்புகள் உட்பட 16 அமைப்புகளையும் 400க்கு மேற்பட்ட தனிநபர்களையும் பயங்கரவாதத் தடைப் பட்டியலில் சேர்த்தது. 2015ல் அவற்றில் சில நீக்கப்பட்டன. சிறிய ஊர்ச் சங்கங்களுக்கும் இந்தப் பட்டியலுக்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஆனாலும் வெளிநாட்டுக் காசு என்றவுடன் ஓர் அதிபர் இரண்டு தடவை யோசிக்க வேண்டிய காலம் அது. உதவி பெற்ற முன்பள்ளி ஆசிரியையிடம்கூட யார் அனுப்பியது என்று விசாரிக்க ஆள் வரக்கூடும் என்ற பயத்தில் எத்தனையோ நல்ல காரியங்கள் தாமதமாயின.

ஒரு கடிதம் கட்டடமாகும் விதம்

இப்போது ஒரு திட்டம் எப்படி நடக்கிறது என்பதைக் கிட்ட நின்று பார்ப்போம்.

ஒரு கிராமத்துப் பாடசாலையின் அதிபர் கடிதம் எழுதுகிறார். பாடசாலையின் முத்திரை, அதிபரின் கையொப்பம், கீழே பாடசாலை அபிவிருத்திச் சங்கச் செயலாளரின் கையொப்பம். 'எமது பாடசாலையின் ஆரம்பப் பிரிவு மாணவர்களுக்கு மலசலகூட வசதி போதாமையால்' என்று தொடங்கும். அதோடு ஒரு மதிப்பீடு இருக்கும்: சீமெந்து, கல், மணல், கம்பி, கூலி. அரச பாடசாலை என்றால் வலயக் கல்விப் பணிமனையின் அனுமதியும் வேண்டும். முன்பு இந்தக் கடிதம் தபாலில் வரும். இப்போது படம் பிடித்து வட்ஸ்அப்பில் வருகிறது.

கடிதம் நிர்வாக சபைக் கூட்டத்துக்குப் போகிறது. அங்கே நடக்கும் விவாதம் எந்தச் சங்கத்திலும் ஏறக்குறைய ஒன்றுதான். போன முறை அனுப்பிய காசுக்குக் கணக்கு வந்ததா? ஒப்பந்தகாரர் யார்? அங்கே நின்று பார்ப்பது யார்? கடைசிக் கேள்விதான் முக்கியம். ஊரில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரோ, கூட்டுறவுச் சங்க முகாமையாளராக இருந்தவரோ பொறுப்பெடுத்தால் திட்டம் பாதி முடிந்த மாதிரி. அப்படி ஒருவர் இல்லாத ஊருக்கு எவ்வளவு அனுப்பினாலும் காசு கரைந்துபோகலாம். வெளிநாட்டுச் சங்கங்களின் விழா மலர்களில் தலைவரின் படம் முழுப் பக்கம் வரும். ஊரில் வெயிலில் நின்று சீமெந்து மூட்டையை எண்ணிய மனிதரின் பெயர் நன்றியுரையில் ஒரு வரியில் வரும். இந்த முறை மாற வேண்டும்.

பணம் சேர்ப்பதற்கு இரண்டு பருவங்கள் உண்டு. கோடையில் பூங்காவில் ஒன்றுகூடல். காலையில் சிறுவர்களுக்குச் சாக்கோட்டம், தேசிக்காய் ஓட்டம். பிறகு சங்கீதக் கதிரை. பின்னேரம் கயிறு இழுத்தல், முட்டியுடைத்தல். மர நிழலில் பெரிய பானையில் ஒடியற்கூழ் கொதிக்கும். நண்டும் மீனும் பயிற்றங்காயும் பலாக்கொட்டையும் போட்ட கூழைக் கோப்பையில் வாங்கிக்கொண்டு நிற்கும்போதுதான், போன வருடம் சந்தா கட்டாதவர் கட்டுவார். பனிக்காலத்தில் மண்டபம் எடுத்துக் கலைவிழா அல்லது இராப்போசன விருந்து. பிள்ளைகளின் பரதம், ஒரு நாடகம், பேச்சு, அதிர்ஷ்டலாபச் சீட்டு. பிறகு திட்டத்தின் படங்களைத் திரையில் காட்டி, மேசை மேசையாகப் போய் வாக்குறுதி வாங்குவார்கள்.

சேர்ந்த தொகை தவணையாகப் போகிறது. அத்திவாரம் வெட்டிய படம் வந்தால் ஒரு பகுதி, கூரை ஏறிய படம் வந்தால் இன்னொரு பகுதி, பூச்சு முடிந்தபின் மிச்சம். திறப்பு விழாவில் பாண்ட் வாத்தியம், மாலை, நாடா வெட்டல், பெயர்க்கல்.

சட்டப் பக்கமும் தொடக்கநிலையில் தெரிந்திருக்க வேண்டியது. கனடாவில் பல ஊர்ச் சங்கங்கள் இலாபநோக்கற்ற அமைப்பாக மட்டுமே பதிந்திருக்கின்றன. அவை வருமான வரிக் கழிவுக்கான பற்றுச்சீட்டுக் கொடுக்க முடியாது. பதிவுபெற்ற அறக்கட்டளைதான் கொடுக்கலாம். அறக்கட்டளையாகப் பதிந்தால் வெளிநாட்டில் செலவாகும் பணத்துக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டும், ஆவணங்கள் வைத்திருக்க வேண்டும். இங்கிலாந்தில் ஆண்டு வருமானம் 5,000 பவுண்சைத் தாண்டும் அறப்பணி அமைப்புகள் அறக்கட்டளை ஆணையத்தில் பதிய வேண்டும். இது தொல்லையாகத் தெரியும். ஆனால் தணிக்கை செய்யப்பட்ட கணக்கு இருக்கும் சங்கத்தில் சண்டை குறைவு.

ஊர் என்ற எல்லை

மக்கள் ஏன் கொடுக்கிறார்கள்? பெரிய உலகத் தொண்டு நிறுவனத்துக்கு 20 டொலர் கொடுக்கத் தயங்குபவர் ஊர்ச் சங்கத்துக்கு 500 டொலர் எழுதுவார். கேட்பவர் யாருடைய மகன் என்று தெரியும். பாடசாலையில் எந்த வாங்கில் தான் இருந்தார் என்று நினைவிருக்கும். பொருளாளர் கணக்கில் பிசகினால், அன்றிரவே அந்தச் செய்தி சூரிச்சுக்கும் லண்டனுக்கும் சிட்னிக்கும் போய்விடும். இந்தச் சின்ன வட்டம்தான் சங்கத்தின் காவல்.

ஆனால் அதே வட்டம் வெளியே நிற்பவர்களை வெளியிலேயே வைக்கிறது. வெளிநாட்டுக்குப் போகச் செலவாகும். காணியோ நகையோ ஈடு வைக்க முடிந்த குடும்பங்களே முதலில் போயின. ஆகவே ஆட்கள் அதிகம் போன ஊர்களுக்குச் சங்கம் இருக்கிறது. போக வழியில்லாத ஊர்களுக்குச் சங்கம் இல்லை. 1977லும் 1983லும் வன்செயலுக்குத் தப்பி மலையகத்திலிருந்து வந்து கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியாப் பக்கம் குடியேறிய குடும்பங்களுக்கு வெளிநாட்டில் சொந்தக்காரர் குறைவு. போரின் கடைசி மாதங்களில், குடாநாட்டுக்குத் தெற்கே உள்ள வன்னியில் எல்லாவற்றையும் இழந்தவர்களில் அவர்கள் பெருந்தொகை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் ஆண்டுக்கணக்கில் முகாமில் இருந்த முஸ்லிம்கள் ஊர் திரும்பியபோது, அவர்களுடைய பெயர் எந்த ஊர்ச் சங்கத்தின் பட்டியலிலும் அநேகமாக இருக்கவில்லை, தாங்கள் பிறந்த ஊர் அதுவாக இருந்தும்.

ஊருக்குள்ளும் இதே கேள்வி இருக்கிறது. சாதியைப் பேசாமல் ஊர்ச் சங்கத்தைப் பேசுவது நேர்மையாகாது. ஊர் என்ற பெயரில் கூடுபவர்கள் பல இடங்களில் ஊரின் ஒரு பகுதியார்தான். கோயில் திருப்பணிக்கு இலட்சங்கள் போன ஊரிலேயே, ஒதுக்குப்புறக் குடியிருப்புக்குக் குடிநீர் தாங்கி வண்டியில் வருவதுண்டு. கோயிலுக்குக் கொடுப்பது தவறு என்று நான் சொல்லவில்லை. திருவிழா நடந்தால்தான் வெளிநாட்டிலிருந்து ஆட்கள் ஊருக்கே வருகிறார்கள். ஆனால் அடுத்த திட்டம் எது என்று முடிவெடுக்கும் கூட்டத்தில் அந்தக் குடியிருப்பைச் சேர்ந்தவர் ஒருவராவது இருக்கிறாரா என்பதை ஒவ்வொரு சங்கமும் தன்னிடமே கேட்க வேண்டும்.

கட்டடங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். யாழ்ப்பாண மாவட்டத்தின் சனத்தொகை 1981ல் 7 இலட்சத்துக்கு மேல். 2012 கணக்கெடுப்பில் 6 இலட்சத்துக்குக் கீழ். பல ஊர்களில் பாடசாலைக்குப் பிள்ளைகள் குறைந்துகொண்டே போகிறார்கள். புங்குடுதீவு போன்ற இடங்களில் பூட்டிய வீடுகளின் முற்றத்தில் மரம் வளர்ந்திருக்கிறது. அப்படியிருந்தும் மாடிக் கட்டடத்துக்குப் பணம் எளிதில் சேர்கிறது, ஏனென்றால் கட்டடத்தைப் படம் பிடிக்கலாம், கல் பதிக்கலாம். முன்பள்ளி ஆசிரியைக்கு மாதாமாதம் கொடுக்கும் உதவித்தொகையையோ, கணினி அறையின் மின்சாரக் கட்டணத்தையோ, காலையில் சாப்பிடாமல் வரும் பிள்ளைக்குக் கொடுக்கும் கஞ்சியையோ நாடா வெட்டித் திறக்க முடியாது. ஆனால் ஊருக்கு நீடித்துப் பயன் தருபவை இவைதான். புதிய கணினிகள் தூசு மூடிக் கிடப்பதற்கு, திருத்துவதற்கு ஒருவருக்குச் சம்பளம் ஒதுக்காததே பெரும்பாலும் காரணம்.

2022ல் நாடு கடனைத் திருப்பிக் கட்ட முடியாமல் நின்றபோது, மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த அமெரிக்க டொலர் மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. கட்டட வேலைகள் பல அப்படியே நின்றன. சீமெந்து விலை ஏறிவிட்டது. அந்த ஆண்டு ஊர்களைத் தாங்கியவை உலர் உணவுப் பொதிகளும் பிள்ளைகளுக்கான அப்பியாசக் கொப்பிகளும்தான்.

மாகாணம் எங்கே இருக்கிறது?

ஊருக்கு உதவுவது வேறு, மாகாணத்துக்கு உதவுவது வேறு. எல்லா ஊர்களின் திட்டங்களையும் கூட்டினாலும் மாகாணத்தின் தேவை அதில் அடங்காது. ஒரு மாவட்ட வைத்தியசாலை, குடாநாட்டு நிலத்தடி நீரின் பாதுகாப்பு, வன்னிக் கிராமங்களுக்கான போக்குவரத்து: இவை எந்தத் தனி ஊருக்கும் சொந்தமல்ல, ஆகவே எந்த ஊர்ச் சங்கமும் கையில் எடுப்பதில்லை.

மெக்சிக்கோவின் சக்கதேகாஸ் மாநிலம் இதற்கு ஒரு வழியைக் கண்டது. அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போனவர்கள் லொஸ் ஏஞ்சலிஸ் பகுதியில் ஊர்க் கழகங்களாகக் கூடி, பிறகு கூட்டமைப்பானார்கள். 1986ல் மாநில அரசு அவர்களோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தது: புலம்பெயர்ந்தோர் 1 டொலர் போட்டால் மாநிலமும் 1 டொலர் போடும். 1992ல் மத்திய அரசும் சேர்ந்தது. 1999ல் நகரசபையும் சேர்ந்ததால், கழகம் போடும் ஒவ்வொரு டொலருக்கும் அரசின் மூன்று மட்டங்களிலிருந்து மூன்று டொலர் வந்தது. 2002ல் இது நாடு முழுதும் பரவியது. வீதி, குடிநீர்க் குழாய், மின்சாரம், வகுப்பறை என்று எத்தனையோ வேலைகள் நடந்தன. அரசோடு மேசையில் இருந்து பேசிய அனுபவம் அந்தக் கழகங்களுக்கு அரசியல் பலத்தையும் கொடுத்தது; 2003ல் வெளிநாட்டில் வாழ்பவர்களும் தேர்தலில் நிற்க வழி செய்து சக்கதேகாஸ் தன் அரசியலமைப்பைத் திருத்தியது. பின்னாளில் மத்திய அரசு அந்தத் திட்டத்தைக் கைவிட்டது.

வட மாகாணத்தில் அப்படி ஒரு மேசை போடப்படவில்லை. 1987ல் அரசியலமைப்பின் 13ஆம் திருத்தத்தின் மூலம் மாகாண சபை முறை வந்தாலும், வடக்குக்கென்று தனியாகத் தெரிவான சபை 2013ல்தான் அமைந்தது. 2018ல் அதன் காலமும் முடிந்தது. வெளிநாட்டுத் தமிழரின் நிதியையும் பெறக்கூடிய முதலமைச்சர் நிதியம் ஒன்றை அமைக்க அந்தச் சபை முயன்றது. மேலிடத்து அனுமதி கிடைக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு சங்கமும் தன் ஊர் எல்லைக்குள்ளேயே வேலை செய்துகொண்டு போயிற்று.

சக்கதேகாஸ் முறையிலும் ஒரு குறை இருந்தது. கழகம் இருக்கும் ஊருக்கே அரசின் மூன்று டொலரும் போயிற்று; கழகம் இல்லாத, மிக ஏழை ஊர்களுக்கு ஒன்றும் போகவில்லை. ஆய்வாளர்கள் இதைப் பலமுறை சுட்டிக்காட்டினார்கள். அரசு சேர்ந்தாலும் இந்தக் கோணல் தானாக நிமிர்ந்துவிடாது என்பதற்கு அது சாட்சி. சங்கங்களே மனம் வைத்தால் இதற்கு எளிய வழி உண்டு. ஆண்டு வரவில் ஒரு பங்கைச் சங்கமில்லாத ஒரு கிராமத்துக்கு என்று யாப்பிலேயே, அதாவது சங்கத்தின் விதிகளிலேயே, எழுதி வைக்கலாம். தீவகத்து ஊர் ஒன்றின் ஒன்றியம், முல்லைத்தீவில் ஒரு கிராமத்து முன்பள்ளியைப் பத்து ஆண்டுகளுக்குப் பொறுப்பெடுக்கலாம். உறுப்பினர்கள் முதலில் கேட்பார்கள்: அங்கே எங்களுக்கு யாரைத் தெரியும்? ஒருமுறை ஊர் போகும்போது கிளிநொச்சியில் இறங்கி அந்தப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வந்தால் அந்தக் கேள்விக்கு விடை கிடைக்கும்.

மலர்களும் கூட்டக் குறிப்புகளும்

வெளிநாட்டில் பிறந்த பிள்ளைகள் சங்கத்துக்கு வருவதில்லை என்பது பெரியவர்களின் நிரந்தரக் குறை. அவர்கள் கேட்பவை நியாயமான கேள்விகள். பணம் யாருக்குப் போனது, பயன் என்ன, அடுத்த ஆண்டு அளந்து பார்த்தீர்களா? இவற்றுக்கு ஆவணத்தோடு பதில் சொல்லும் சங்கங்களில் இளைஞர்கள் தங்குகிறார்கள். கூட்டத்தைத் தமிழில் மட்டும் நடத்துவதா என்ற தகராறை விட இது பெரிய விஷயம்.

இந்தச் சங்கங்களின் வரலாறு பெரும்பாலும் எந்த நூலகத்திலும் ஒழுங்காக இல்லை. அது வெள்ளிவிழா மலர்களில் இருக்கிறது: வாழ்த்துச் செய்திகள், கடை விளம்பரங்கள், அவற்றுக்கு நடுவே ஊரின் பழைய குளம், முதல் பள்ளிக்கூடம், மறைந்த வைத்தியர் பற்றி யாரோ ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுதிய 4 பக்கம். 1980களில் அகதியாக வந்து முதல் கூட்டத்தைக் கூட்டிய செயலாளர்களுக்கு இப்போது 70 வயது தாண்டிவிட்டது. அவர்களுடைய வீட்டு நிலவறைகளில் கூட்டக் குறிப்புக் கொப்பிகளும் அதிபர்மாரின் கடிதங்களும் பற்றுச்சீட்டுக் கட்டைகளும் பெட்டியில் கிடக்கின்றன. வீடு விற்கும்போது முதலில் குப்பைக்குப் போவது அந்தப் பெட்டிதான். 2005ல் தொடங்கிய நூலகம் என்ற இணைய ஆவணகம் இலங்கைத் தமிழரின் நூல்களோடு ஊர் மலர்களையும் பாடசாலை மலர்களையும் மின்வருடிச் சேர்த்து யாரும் வாசிக்கும்படி வைத்திருக்கிறது. உங்கள் ஊரின் பெயரை அங்கே தேடிப் பாருங்கள். உங்களிடம் இருக்கும் மலர் அதில் இல்லையென்றால், அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் அதை ஒரு விடயமாகப் போட்டு, மின்வருடி அனுப்பும் பொறுப்பை ஓர் இளையவரிடம் ஒப்படையுங்கள்.